எந்தப் பிரிவில் சேர்ப்பது? – பிள்ளையின் திறமையும் ஓர் அமானத்

 



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. பொறியியல் கலந்தாய்வு நெருங்கிவிட்டது. ஜும்ஆ முடிந்து முஸாபஹா செய்ய வருகிற தகப்பன்மார்கள் இந்த நாட்களில் கையோடு செல்போனையும் திறந்து நீட்டுகிறார்கள். "ஹஜ்ரத், பையன் கட்ஆஃப் 168. கம்ப்யூட்டர் போடலாமா, ஏஐ போடலாமா? மெக்கானிக்கல் வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு நல்லது என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. அறியாததை அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்பதே குர்ஆன் நமக்குக் கற்றுத் தரும் ஒழுங்கு. ஆனால் இந்தக் கேள்விக்குள் மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இது மார்க்கத்தின் கேள்வியா?

மறுமையில் மனிதனின் பாதங்கள் நின்ற இடத்தை விட்டு நகர்வதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வாழ்நாளை எதில் கழித்தாய், வாலிபத்தை எதில் செலவிட்டாய், பொருளை எந்த வழியில் சேர்த்து எந்த வழியில் செலவழித்தாய், கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தாய் என்பவை அந்தக் கேள்விகள்.

இப்போது கலந்தாய்வை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் வாலிபத்தில் நான்கு ஆண்டுகள், உங்கள் சேமிப்பில் சில லட்சங்கள், அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தப் பிள்ளை செய்யப்போகிற வேலை. வாழ்நாள், வாலிபம், பொருள், கல்வி ஆகிய நான்கும் ஒரே நாளில், ஒரே பட்டனை அழுத்துவதில் வந்து சேருகின்றன. எனவே இது மார்க்கத்தின் கேள்விதான்.

அல்லாஹ் நமக்குப் பிள்ளையைக் கொடுக்கும்போது அதற்குள் ஒரு திறமையையும் வைத்துக் கொடுக்கிறான். அந்தத் திறமை நம் சொத்தல்ல, அமானத். அமானத்தைப் பெற்றுக்கொண்டவன், என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது என்று திறந்தாவது பார்க்க வேண்டாமா?

நான் செய்த தவறு

பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு பையன் இருந்தான். ஹவ்லுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுவிட்டால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவோம். காயில் கட்டுகிறவர் வருவதற்குள் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து வைத்திருப்பான். ரமளானில் தராவீஹ் நடுவே ஆம்ப்ளிஃபயர் மக்கர் செய்தால், ஸலாம் கொடுத்து அடுத்த தக்பீர் கட்டுவதற்குள் சரிசெய்துவிடுவான். அவனுக்கு ட்ரிபிள் இ, அதாவது மின்னியல் பொறியியல் படிக்க ஆசை. அவனுடைய அத்தாவுக்கோ கம்ப்யூட்டர்தான் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் படித்து வெளிநாடு போயிருந்தான்.

இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் பெற்றோரின் உரிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பெற்றோரின் திருப்தியில்தான் அல்லாஹ்வின் திருப்தி இருக்கிறது என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க ஹஜ்ரத்" என்றான். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் அவனுக்கு அரியர் விழுந்தது. மூன்றாம் ஆண்டில் அது ஒன்பதானது. ஊருக்கு வந்தால் பள்ளிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தால் எல்லோரும் "எப்படிப் படிக்கிறே?" என்று கேட்பார்களே! ஒரு நாள் அவன் அத்தா வந்து, "ஹஜ்ரத், அவன் என்கிட்ட பேசுறதில்லை. நீங்க கொஞ்சம் பேசுங்க" என்றார். நான் போய்ப் பேசினேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் ஒன்றே ஒன்று சொன்னான்: "அன்னிக்கு நீங்க என்கிட்ட எதுவுமே கேட்கலையே, ஹஜ்ரத்."

உண்மைதான். நான் சொன்ன உபதேசம் சரியானதே. பெற்றோரின் கண்ணியம் மார்க்கத்தில் எவ்வளவு உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சரியான உபதேசத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். அவன் அத்தாவுக்கு மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. தனக்கு எது வரும் என்பதைச் சொல்ல வந்தான். இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அவன் பிறகு அரியர்களை முடித்தான். இப்போது லிஃப்ட் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். அல்ஹம்து லில்லாஹ், ஹலாலான சம்பாத்தியம். ஆனால் அத்தாவும் மகனும் இன்றும் பள்ளியில் வேறு வேறு ஸஃப்பில்தான் நிற்கிறார்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு உறுத்துகிறது.

நபி (ஸல்) அவர்கள் ஆளைப் பார்த்து வேலை கொடுத்தார்கள்

இந்த உறுத்தலோடு நான் மீண்டும் ஹதீஸ்களைப் புரட்டிய போது, முன்பே ஓதிய சில செய்திகள் வேறு விதமாகப் புரிந்தன.

மதீனாவில் மஸ்ஜிதுன் நபவீ கட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம். யமாமாவிலிருந்து தல்க் இப்னு அலீ (ரலி) அவர்கள் வந்தார்கள். எல்லோரும் கல் சுமந்தார்கள். தல்க் (ரலி) மண் குழைத்தார்கள். அந்த வேலை அவர்களுக்கு நன்றாக வந்தது. நானும் மற்றவர்களைப் போலச் சுமக்கட்டுமா என்று அவர்கள் கேட்ட போது நபியவர்கள் வேண்டாம் என்றார்கள். நீர் மண்ணையே குழையும், அதை நன்கு அறிந்தவர் நீர்தான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

சுமப்பது கௌரவம், குழைப்பது மட்டம் என்று அங்கே யாரும் பேசவில்லை. கல் சுமப்பவர்களின் கூட்டம் அதிகமாக இருந்தது என்பதற்காக அவரும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கப்படவில்லை. எந்த வேலையை யார் நன்றாகச் செய்வார் என்பதுதான் பார்க்கப்பட்டது.

பாங்கின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). ஆனால் அதை உரக்கச் சொல்லும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுக்குப் போனது. காரணம் குரல்வளம்.

அபூதர் (ரலி) அவர்களைப் பற்றியும் நாம் அறிவோம். உலகப் பற்றற்ற வாழ்வில் அவர்களுக்கு நிகர் அரிது. அவர்கள் ஒரு பதவி கேட்ட போது, அந்தப் பொறுப்புக்கு நீர் பலவீனமானவர் என்று நபியவர்கள் அன்போடு சொல்லி மறுத்தார்கள். அதனால் அபூதர் (ரலி) அவர்களின் அந்தஸ்து குறைந்ததா? ஒரு வேலை ஒருவருக்குப் பொருந்தாது என்பது அவருக்கு இழுக்கு அல்ல. கோடிங் வராத பிள்ளை மக்குப் பிள்ளையும் அல்ல.

இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் குழந்தை வளர்ப்பு பற்றி எழுதிய 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்ற கிதாபில் இதைத் தகப்பனின் கடமையாகவே பேசுகிறார்கள். பிள்ளை எதற்குத் தயாராக இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஆகுமான வேலையாக இருக்கும்வரை அதை விட்டு வேறொன்றில் தள்ளக் கூடாது. தள்ளினால் அதிலும் வெற்றி பெறாது, தனக்கு வாய்த்ததும் தவறிப்போகும் என்பது அவர்கள் கருத்து. ஹிஜ்ரி 751-இல் வஃபாத்தான அறிஞர் நம் வீட்டு வாசலில் நின்று பேசுவது போல இல்லையா?

"எதில் வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி

"ஹஜ்ரத், ஆசையைப் பார்த்தால் அடுப்பு எரியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் கடன் இருக்கிறது, இரண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள், இந்தப் பிள்ளை சம்பாதித்தால்தான் வீடு நிமிரும் என்ற குடும்பங்கள் நம் மஹல்லாவிலேயே எத்தனையோ உண்டு. குடும்பத்துக்காகச் சம்பாதிப்பதும் இபாதத்தான். வேலைவாய்ப்பைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது.

ஒன்று, இன்றைய சந்தையைப் பார்த்துச் சேருகிற பிள்ளை நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வருகிறது. நான் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் என் வயதுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரை நோக்கி ஓடினார்கள். 2001-இல் அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்த போது, கம்ப்யூட்டர் இனி அவ்வளவுதான் என்று பேசினார்கள். பிறகு மெக்கானிக்கலையும் சிவிலையும் விரும்பிப் போன ஆண்டுகள் வந்தன. இன்று மீண்டும் கம்ப்யூட்டர், அதிலும் ஏஐ, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று கேட்கிறார்கள். நாளை எது என்று அல்லாஹ்வே அறிவான். அலை மாறும் போது நிலைப்பவன் தன் வேலையை ஆழமாகக் கற்றவன்தான்.

இரண்டு, ரிஜ்க் பாடப்பிரிவில் இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும் போதே ஒவ்வொருவரின் ரிஜ்க்கும் எழுதப்பட்டுவிடுகிறது என்பது நம் ஈமானைச் சார்ந்தது. காலையில் ஒட்டிய வயிற்றோடு பறந்து போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையை நபியவர்கள் தவக்குலுக்கு உதாரணம் காட்டினார்கள். கவனியுங்கள், அந்தப் பறவை கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, பறந்தது. தன் சிறகால் பறந்தது. நம் பிள்ளையும் உழைக்க வேண்டும், அல்லாஹ் அதற்குக் கொடுத்த சிறகைக் கொண்டு.

ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அவர்களை எல்லோரும் உதாரணம் சொல்வோம். திருச்சியில் இயற்பியல் படித்து முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று அவருக்குத் தெளிவானது. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாத போது அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அங்கே காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்கள் மனதை இழுக்க, வானூர்திப் பொறியியலை அவரே தேர்ந்தெடுத்தார். பிறகு விமானப் படையில் விமானியாக விரும்பினார். எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து அந்த வாய்ப்பை இழந்தார். நாம் ஒன்றை விரும்புவோம், கைர் வேறொன்றில் இருக்கும். இதுவும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய பாடம்.

எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால்?

அறிவுத் துறைகளில் பர்ளு கிஃபாயா என்ற ஒன்று உண்டு. சமுதாயத்தில் சிலராவது அதைச் செய்தாக வேண்டும். யாரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் மருத்துவத்தையும் கணக்கையும் மட்டுமல்ல, விவசாயம், நெசவு போன்ற தொழில்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

அதே இடத்தில் தம் காலத்து ஆலிம்களையே ஒரு பிடி பிடிக்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் எல்லோரும் ஃபிக்ஹு படிக்க, அதிலும் தர்க்கம் செய்யப் போட்டி போடுகிறார்கள். காரணம் என்ன, வக்ஃபு நிர்வாகமும் நீதிபதிப் பதவியும் அதில்தானே கிடைக்கின்றன என்று கேட்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கேள்வி இது. ஆலிமாகிய என்னைச் சுடுகிற கேள்வி. 'ஃபிக்ஹு' என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர்' என்று வைத்துப் பார்த்தால் நம் எல்லோரையும் சுடும்.

நம் கண் முன்னால் ஓர் உதாரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தவர் பலருக்குச் சோறு போட்ட தொழில். அதன் கழிவு நீரால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்ட கதையையும் நாம் அறிவோம். 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பான விவகாரம் அது. அந்தத் தொழிலும் நடக்க வேண்டும், குடிக்கிற தண்ணீரும் கெடக் கூடாது என்றால் யார் வேண்டும்? வேதிப் பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல், தோல் தொழில்நுட்பம் படித்த, அல்லாஹ்வுக்கு அஞ்சுகிற பொறியாளர் வேண்டும். தோல் தொழில்நுட்பத்தை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கிலேயே படிக்கலாம். நம்மில் எத்தனை வீடுகளில் அந்தப் பெயர் பேசப்பட்டது?

2015-இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019-இல் அதே சென்னை குடிநீருக்குத் தவித்தது. தண்ணீரை எப்படித் தேக்குவது, எப்படி வடிப்பது என்று படிப்பது சிவில். தாகம் தீர்ப்பது சிறந்த தர்மம் என்று பயான் செய்கிறோம். அதைப் பெரிய அளவில் செய்யக் கற்றுத் தரும் படிப்பை மட்டம் என்கிறோம்.

ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் டெர்மினலைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், மொத்தம் 210. ஹாஜிகளுக்கு நிழல் தரும் அந்தக் கூரையின் கட்டமைப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். அவர் படித்ததும் சிவில்தான்.

அதே நேரம், சிவில் படித்துவிட்டால் மட்டும் போதாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். எந்தப் பொறியியல் பிரிவிலும் கையெழுத்துக்குக் கீழே உயிர்கள் இருக்கின்றன. ஒரு வேலையைச் செய்தால் அதைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது நபிவழி. மனமில்லாமல் படித்து, அரைகுறையாகத் தேறி, வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவரால் யாருக்கு ஆபத்து என்று யோசியுங்கள்.

கட்டணமும் வட்டியும்

கேட்ட பிரிவு கலந்தாய்வில் கிடைக்காவிட்டால், பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். பணம் இல்லையென்றால் வட்டிக்குக் கடன். இங்கே நின்று யோசியுங்கள். கல்வி கற்பது சிறப்பு. ஆனால் குறிப்பிட்ட ஒரு பிரிவு, குறிப்பிட்ட ஒரு கல்லூரி என்பது வட்டியின் வாசலை மிதிக்கும் அளவுக்கு நிர்ப்பந்தமா? அரசுக் கல்லூரியில் வேறொரு நல்ல பிரிவு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் போது, பக்கத்து வீட்டாரிடம் சொல்வதற்காக வட்டியில் இறங்கினால், பொருளைப் பற்றிய அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வோம்?

வழிகள் இருக்கின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வசதியுள்ளவர்களே! தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத்திலிருந்து உதவலாம். ஒரு பிள்ளை வட்டியில் விழாமல் நான்கு ஆண்டுகள் படிக்க நீங்கள் காரணமாக இருந்தால், அந்தக் கல்வியின் பலனில் உங்களுக்கும் பங்குண்டு.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். மகளாக இருந்தாலும் கேளுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று கேட்காமலே முடிக்காதீர்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் விருப்பம் முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். நண்பன் சேருகிறான் என்பதையும், இரண்டு நிமிட வீடியோவையும் விருப்பம் என்று நினைத்திருக்கலாம். அப்போது, "ஏன் பிடிக்கிறது? அதில் என்ன படிப்பார்கள் என்று பார்த்தாயா?" என்று கேட்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட.

பிறகு மஷூரா செய்யுங்கள். ஷூரா என்ற பெயரில் ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. அந்தப் பிரிவைப் படித்து ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவர் இருவரைத் தேடிப் பேசுங்கள். பாடத்திட்டம் இணையத்தில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுப் பாடங்களின் பெயர்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். எதுவும் தெளிவாகவில்லையா? மிகக் குறுகிய பெயருள்ள புதுப் பிரிவைவிட, அடிப்படையான பிரிவு பின்னால் திரும்ப இடம் தரும் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

அதன் பிறகு இஸ்திகாரா. குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல நபியவர்கள் எங்களுக்கு இஸ்திகாராவைக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். "நீங்க இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்று சீட்டில் பெயர் எழுதித் தருகிறார்கள். இஸ்திகாரா என்பது சீட்டுப் பார்ப்பதும் அல்ல, கனவுக்குக் காத்திருப்பதும் அல்ல. படிக்கப்போகிற பிள்ளையே இரண்டு ரக்அத் தொழுது, இதில் கைர் இருந்தால் எளிதாக்கு, இல்லையென்றால் என்னைத் திருப்பிவிடு என்று ரப்பிடம் ஒப்படைப்பது.

கடைசியாக, விருப்பப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் போது பிள்ளை அருகில் இருக்கட்டும். பட்டியலில் மேலே இருப்பதைத்தான் முதலில் ஒதுக்கப் பார்ப்பார்கள். உண்மையில் எது வேண்டுமோ அதை மேலே வையுங்கள். யாரோ ஒருவரிடம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்து, அவர் போட்டுக் கொடுத்த வரிசையில் பிள்ளையின் நான்கு ஆண்டுகளை ஒப்படைக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்த பிரிவில் மனமுவந்து உழையுங்கள். அத்தா மறுத்தால் குரலை உயர்த்தாதீர்கள். காரணத்தை அமைதியாகச் சொல்லுங்கள், ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. நீங்கள் சொல்லத் தயங்கினால் உங்கள் பள்ளி இமாமிடம் வாருங்கள். இந்தத் தடவை நான் முதலில் உங்களிடம்தான் கேட்பேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நீ கொடுத்த அமானத்தை அறிந்துகொள்ளும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! அவர்கள் கற்கும் கல்வியைப் பயனுள்ளதாகவும், அவர்களின் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத்தாகவும் ஆக்குவாயாக! பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கசப்பு விழுந்த வீடுகளில் மீண்டும் பேச்சையும் பாசத்தையும் உண்டாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.